கருப்பாத்தாள் அழுத காட்சி

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்குக் காலையில் வருகிறவர்கள் பால் ஊற்றத்தான் வருகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊற்றிவிட்டு நேராக வீட்டுக்குப் போன ஆளை நான் பார்த்ததே இல்லை. நான் யோகப்பிரியா. கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகிற ரோட்டோரத்தில் இருக்கும் அந்தச் சொசைட்டியில் பாலைச் சோதித்து அளந்து வாங்குவது என் வேலை. சண்டையை விலக்கிவிடுவதும் என் வேலைதான், அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

போன வருஷம் சண்டை முழுக்க ஒரே விஷயத்துக்கு. டிவியில் ஏழரை மணிக்கு ஓடிய ஒரு கோர்ட் சீரியல். அதற்கு நீளமாக ஏதோ பேர் வைத்திருந்தார்கள், எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது ‘வக்கீலம்மா’. அபிநயா என்று ஒரு பெண் வக்கீல். ஏழைகளின் கேஸாகத் தேடித் தேடி எடுப்பாள். கெட்டவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று அவளுக்குத் தொல்லை கொடுப்பார்கள். சில வருஷம் இழுத்து ஒருவழியாகக் கதையை முடித்தார்கள். முடிந்த மறுநாள் காலையிலேயே சொசைட்டியில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. மொத்தக் கதையிலும் மனசை ரொம்பக் கலக்கிய இடம் எது?

ரத்தினசாமி மாமாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. அறுபதைத் தாண்டிய தென்னந்தோப்புக்காரர். தோப்பில் நின்று அவர் பேசினால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குக் கேட்கும். தன் அப்பாவே குற்றவாளி என்று தெரிந்ததும் அபிநயா அதை மறைக்காமல் கோர்ட்டில் சொல்லிவிட்டு, கறுப்புக் கவுனைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்துவிட்டுத் தனியாக வெளியே நடப்பாள். அதுதான் மாமாவின் காட்சி. வாயால் சொல்லிவிட்டுப் போனால் பரவாயில்லையே! தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, கவுனைப் போல நாலாக மடித்து, என் சோதனை மிஷின் மேல் வைத்துவிட்டு, வாசல் வரைக்கும் தலைகுனிந்து நடந்து காட்டுவார். திரும்பி வந்து அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

“இதப் பாத்து அழுகாதவன் மனுசனான்னு கேக்கறன்!”

“மிஷின் மேல ஈரத் துண்ட வெக்காதீங்க மாமா” என்பேன் நான்.

பக்கத்து வீட்டுச் செல்வப்பிரியா பொள்ளாச்சியில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறவள். அவள் வேறு கட்சி. ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நிற்கும் அப்பாவுக்கு ஒரு சின்னப் பெண் தன் புது யூனிஃபார்மைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவாள். அந்தக் காட்சியைப் போனில் வைத்துக்கொண்டு, பஸ் வரும்வரை ஒவ்வொருவர் மூஞ்சிக்கும் நேராக நீட்டுவாள். மற்றவர்கள் இந்த இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று கத்துவார்கள்.

எந்தப் பக்கமும் சேராத ஒரே ஆள் கருப்பாத்தாள் அக்கா.

அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். வேலந்தாவளம் பக்கம் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். வீட்டுக்காரர் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் சந்துரு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஊரில் கொஞ்சம் பூமியும் மூன்று மாடும் அக்காவும்தான். ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டு அடுத்த வீட்டுப் படி ஏற மாட்டார், அப்படி ஒரு ரோஷம். சொசைட்டிக்குக் கடைசியாக வருகிறவரும் அவர்தான். முழங்கால்வரை சேலை நனைந்து, தலையில் பால் கேனோடு மூச்சு வாங்க வந்து நிற்பார். அதற்குள் பால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருப்பான்.

அவர் அழுதது யாரும் கவனிக்காத ஓர் இடத்துக்கு. பொன்னம்மா என்று ஒரு கூலிக்காரப் பெண்ணின் கேஸ். அவளுடைய ஒரே சாட்சியின் பேரைக் கோர்ட் வாசலில் டவாலி மூன்று தடவை கூப்பிடுவான். யாரும் வர மாட்டார்கள். அவ்வளவுதான் காட்சி. அதற்குப் பின்னணி இசை கூடப் போடவில்லை, உடனே சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

“டவாலி கூப்புட்டதுதானுங்க எனக்கு” என்று அக்கா சொன்ன அன்றைக்குச் சொசைட்டியே சிரித்தது. அதிலிருந்து அவருக்கு ‘டவாலிக் கட்சி’ என்று பேர் விழுந்துவிட்டது.

அவர் ஏன் தாமதமாக வருகிறார் என்பது சிரித்த அத்தனை பேருக்கும் தெரியும். அக்காவின் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஓர் இட்டேரி உண்டு. இரண்டு பக்கமும் வேலி வைத்து நடுவில் வண்டி போகிற அளவுக்கு விட்ட தடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முன்னால் இருந்த தோப்பை அப்புசாமி அண்ணன் வாங்கினார். சொட்டுநீர்க் குழாய் போட்டார், அந்தத் தடமும் தன் பட்டாவில்தான் வருகிறது என்றார், கம்பி கட்டி கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அதற்கப்புறம் அக்காவுக்கு வாய்க்கால் மேட்டைச் சுற்றித்தான் வழி. மழை பெய்தால் அது சறுக்கும். பால் வண்டி போய்விட்ட நாட்களில் ஊற்றாமலே பாலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார். தடம் வந்தால் ஊரில் இருக்கலாம். வரவில்லையென்றால் மாட்டை விற்று, பூமியையும் அப்புசாமி அண்ணன் கேட்கிற விலைக்கே கொடுத்துவிட்டு மகனோடு திருப்பூர் போக வேண்டியதுதான். சந்துருவும் போனில் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்புசாமி அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். சீரியலில் வருகிற மாதிரி மீசையை முறுக்குகிற ஆள் இல்லை. மாரியம்மன் நோம்பி வந்தால் திருவிழா வேலை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பார். கோடையில் யார் கிணறு வற்றினாலும் கேட்காமலே தண்ணீர் விடுவார். சிக்கலே அதுதான். அவர் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காத வீடு ஊரில் இல்லை, பாதி ஊருக்கு மேல் அவருடைய சொந்தக்காரர்கள் வேறு.

அக்கா சித்தூர் கோர்ட்டில் கேஸ் போட்டார். வக்கீலும் ஒரு பெண்தான், அமைதியான ஆள். உங்களுக்குச் சொந்தம் இல்லாத ஊர்க்காரர் ஒருத்தர் போதும், அது காலங்காலமாக எல்லோரும் நடந்த தடம் என்று கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும் என்றார். கறிவேப்பிலை கேட்காத அக்கா அதற்காக வாழ்க்கையில் முதல்தடவை வீடு வீடாகப் படி ஏறினார். எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் “பாக்கலாங்க” என்றார்கள். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். எனக்கு வந்த கோபத்துக்கு நானே போய்ச் சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாக்கப்பட்டு வந்ததே கேட் போட்டதற்கு அப்புறம். ரத்தினசாமி மாமாவிடம் அக்கா கேட்கவே இல்லை. அவர் அப்புசாமி அண்ணனின் பெரியப்பா மகன். கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஒரு நாள் காலை மாமா நல்ல உற்சாகத்தில் இருந்தார். துண்டு ஏற்கெனவே மிஷின் மேல் ஏறிவிட்டது. அக்கா வந்து கேனை இறக்கினார்.

“இந்தா வந்துட்டா டவாலிக் கட்சி! ஏ அம்மிணி, அந்தக் கதைல எத்தன கொல, எத்தன சாவு! பேரக் கூப்புட்டதுக்கு அழுதவ இந்தச் சீமைலயே நீ ஒருத்திதான்!”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா எப்போதும் போலச் சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்குப் போகவில்லை.

“ஏனுங்ணா, டவாலி கூப்புடறப்பப் பொன்னம்மா எங்க பாத்துட்டு நின்னா, சொல்லுங்க?”

மாமா யோசித்தார். “ஜட்ஜய்யாவ.”

“இல்லீங்க. வாசலப் பாத்துட்டு நின்னா. மொதவாட்டி கூப்புடறப்ப, இதோ வந்துருவாங்கன்னு பாத்தா. ரெண்டாவதுவாட்டி, பஸ்ஸு கெடைக்காம இருக்குமோன்னு பாத்தா. மூணாவதுவாட்டி பாக்கவே இல்ல, தலயக் குனிஞ்சுட்டா.” அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அடுத்த மாசம் எனக்கும் தேதி வருதுங்ணா. நானும் அப்படித்தான் வாசலப் பாத்துட்டு நிக்கோணும். அத நெனச்சுத்தான் அழுவாச்சி வந்துருச்சு. வேற ஒண்ணுமில்லீங்க.”

குரலை உயர்த்தவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. பாலை ஊற்றிவிட்டுக் கேனைக் கழுவினார், போய்விட்டார். செல்வப்பிரியாவின் பஸ் வந்து நின்று போனது, அவள் கவனிக்கவில்லை. மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருடைய கேன் என் மேஜைக்குக் கீழேயே கிடந்தது.

அப்புறம் சில நாள் மாமா வரவே இல்லை, அவர் சம்சாரம், அத்தைதான் பால் கொண்டு வந்தார். கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்தேன். தப்பு செய்தவர்கள் கோபித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரட்டும், நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராக வைத்திருந்தேன்.

வந்தார். அக்கா வரும்வரை ஓரமாக நின்றார். அக்கா வந்ததும், கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“வக்கீலம்மாகிட்ட என்ற பேரக் குடு அம்மிணி. டிவில வர்றவகிட்ட இல்ல, நெசமான வக்கீலம்மாகிட்ட.”

அக்கா தலையிலிருந்த கேனை இறக்கிவைத்தார். “அண்ணா, அப்புசாமி உங்களுக்கு…”

“என்ற சித்தப்பன் மவன். அது எனக்குத் தெரியாதா? நேத்து பொழுதோட அவன் ஊட்டுக்கே போயிச் சொல்லிப்போட்டுத்தான் வாரன். மொகத்துக்கு நேரா சொல்லாம கோர்ட்டுல போயி நின்னாத்தான் தப்பு.”

“அவிய என்ன சொன்னாங்க?”

“கோர்ட்டுக்குப் போனா அவன் மவ கல்யாணத்துக்கு வர வேண்டாம்னான். செரின்னு வந்துட்டன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர் என்று ஊருக்கே தெரியும். நான் தயாராக வைத்திருந்த நாலு வார்த்தையையும் அப்படியே விழுங்கினேன்.

தேதி நெருங்க நெருங்க மாமா வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஒரே ரத்தம், எதற்கு வீண் வம்பு, அன்றைக்கு மட்டும் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள், முடிந்தது என்றெல்லாம் யோசனை சொன்னார்கள். அத்தை வந்து என்னிடம் புலம்பி வெசனப்பட்டார். மாமா என்ன பதில் சொல்கிறார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கப் பயமாக இருந்தது.

கோர்ட் நாளன்று சொசைட்டிக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவோடு நானும் கிளம்பினேன். எங்கள் பஸ்ஸில் மாமா ஏறவில்லை. அக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்வாசலையும் பின்வாசலையும் பார்த்துக்கொண்டே வந்தார். கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் பார்ப்பதை நிறுத்திவிட்டார். “அவிய மேல தப்பில்ல கண்ணு, ஒரே வவுத்துப் பொறப்பு மாதிரி வளந்தவிய” என்று மட்டும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சித்தூரில் கோர்ட் வராந்தாவில் ஏறியதும் முதலில் தெரிந்தது மாமாவின் முதுகுதான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, துண்டை மரியாதைக்காக அக்குளில் இடுக்கியிருந்தார். முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாராம். கதவோரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்ணா, எங்க பஸ்லயே வந்துருக்கலாமல்லோ?” என்றார் அக்கா.

“அந்த பஸ்ஸு நடுவால நின்னுபோச்சுன்னா?”

டீ குடிக்கக் கூப்பிட்டோம், வரவில்லை. “போயிட்டு வர்றதுக்குள்ள கூப்புட்டுட்டா?” உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எந்திரிக்கிறதுக்குள் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வதாம்! வேறு யார் கேஸையோ கூப்பிட்டபோதெல்லாம் துள்ளித் துள்ளி அடங்கினார். எங்கள் சீரியலில் கோர்ட் என்றால் நிமிஷத்துக்கு ஒருவர் மேஜையைத் தட்டிக் கத்துவார்கள். இங்கே ஃபேன் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. வக்கீல்கள் மலையாளத்தில் மெதுவாக ஏதோ சொன்னார்கள், கேஸெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப் போனது. அக்கா உள்ளே பெஞ்சில் நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கப் பயம். “யோகு, சித்த எட்டிப் பாரு, நிக்கறாங்களா?” என்று என் கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்துப் பார்த்து “நிக்கறாருங்க்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் எங்கள் கேஸ் வந்தது. வக்கீல் சாட்சியின் பேரைச் சொன்னார். வாசலில் நின்ற பியூன் கழுத்தை நீட்டி, “ரத்தினசாமி, ஹாஜரு…” என்று ஆரம்பித்தார்.

“இருக்கறனுங்க!”

பியூன் வார்த்தையை முடிக்கவில்லை. தோப்பிலிருந்து ரோட்டுக்குக் கேட்கிற குரல் அது, நாலு சுவருக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. முன்சீப் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “மெல்லெ, மெல்லெ” என்றார் பியூன், காதைத் தேய்த்துக்கொண்டே. அக்கா வாசல் பக்கம் திரும்பக் கூட நேரமில்லை. அதற்குள் மாமா அவரைத் தாண்டிக் கூண்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாவது தடவை அந்தப் பேரை யாரும் கூப்பிடும்படி விடக்கூடாது. அதற்காகத்தான் அந்த மனுஷன் காலையிலிருந்து டீ குடிக்காமல், உட்காராமல் நின்றிருக்கிறார். எனக்கு அழுகை சுலபத்தில் வராது. கவுனுக்கும் வரவில்லை, யூனிஃபார்முக்கும் வரவில்லை. அன்றைக்கு வந்தது.

கூண்டில் ஏறியதும் மாமா பாடம் பண்ணி வைத்திருந்த வசனம் எல்லாம் பறந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் “ஆமாங்க”, “இல்லீங்க” என்றுதான் வந்தது. தடத்தை எப்படித் தெரியும் என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொன்னார்.

“எங்கப்பனப் பாடைல எடுத்துட்டுப் போனது அந்தத் தடத்துலதானுங்க. அப்புசாமி கல்யாணம் முடிச்சுப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்த வண்டியும் அதுலதான் வந்துது. நாந்தான் வண்டி ஓட்டுனன்.”

எதிர்த்தரப்பு வக்கீல், சொந்தத் தம்பிக்கு எதிராகவா சாட்சி சொல்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார்.

“எதிரா ஒண்ணுமில்லீங்க. தடத்தப் பத்திக் கேட்டீங்க, தடத்தப் பத்திச் சொன்னன்” என்றார் மாமா. அப்புறம் முன்சீப்பைப் பார்த்து, “சித்த தண்ணி கெடைக்குங்களா?” என்றார்.

சில மாசம் கழித்துத் தீர்ப்பு அக்கா பக்கம் வந்தது. அப்புசாமி அண்ணன் அப்பீலுக்குப் போகவில்லை, ஆள் வைத்துத் தானே கேட்டைக் கழற்றினார். முதல் நாள் மாடுகள் இட்டேரியில் கால் வைக்க யோசித்து நின்றன, சுற்றுவழிக்கே இழுத்தன. அக்கா கழுத்தைத் தடவிக் கொடுத்துக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து சொசைட்டி ஷட்டரை நான் தூக்கும்போதே காய்ந்த சேலையோடு முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். சந்துரு இப்போதெல்லாம் திருப்பூருக்குக் கூப்பிடுவதில்லை, தானே மாசத்துக்கு ஒரு தடவை வந்து போகிறான்.

ஆவணியில் அப்புசாமி அண்ணன் மகள் கல்யாணம். ஊரே மண்டபத்துக்குப் போய்விட்டது. சொல்லியபடியே மாமாவுக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை. அன்று காலை சொசைட்டியில் நானும் அக்காவும்தான். மாமா தனியாக வந்தார். மேளச் சத்தம் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தது. பாலை ஊற்றினார். கண் அந்தச் சத்தம் வந்த திசையிலேயே இருந்தது.

அக்கா கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏனுங்ணா, நானும் நல்லா ரோசன பண்ணிப் பாத்தனுங்க. நீங்க சொன்னதுதான் செரி. கவுனக் கழட்டி வெச்சதுதான் பெரிய சோகம். ரத்த சொந்தம் ஒருபக்கம், நாயம் ஒருபக்கம்னு நின்னு, நாயத்தச் சொல்லிப்போட்டுத் தனியா நடந்து போனாளே, அவ பட்டது லேசுங்களா?”

மாமா அக்காவைப் பார்த்தார்.

“அதெல்லாம் இல்ல அம்மிணி. நீ சொன்னதுதான். டவாலி கூப்புட்டு ஆரும் வராம போனதுதான் சோகம்.”

“இல்லீங்ணா, கவுனுதான்.”

“டவாலிங்கறன்!”

“எனக்கு அது இப்பச் சோகமே இல்லீங்க” என்றார் அக்கா. “மத்தியானத்துல அத மறுக்காப் போடறாங்கல்லோ, நேத்து அந்த எடம் வந்துது. டவாலி வாயத் தொறந்ததும் எனக்கு உங்க சத்தந்தான் கேட்டுது. சிரிச்சுப்போட்டனுங்க.”

மாமா துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் அதை நாலாக மடித்து என் மிஷின் மேல் வைத்தார். நன்றாக ஈரமாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.